சாமான் அடுக்கிற ரக்ரர் பெட்டி: செய்த விதம், சரிவராதது, செலவு

எங்கட வீட்டில இப்ப பொழுதுபட முன்னம் விறாந்தையும் நடு அறையும் வெறும் நிலமாக் கிடக்குது. பரவிக் கிடக்கிற விளையாட்டுச் சாமானை நான் அள்ளி அடுக்கேல்ல, மூண்டு வயசுச் சின்னவனும் அஞ்சரை வயசு மூத்தவளும்தான் செய்யினம், அதுவும் நான் கத்தாமல். இதுக்கு ரக்ரருக்குப் பின்னால கொழுவிற பெட்டி மாதிரி ஒரு தள்ளுற பெட்டி, நாலு பனையோலைக் கடகம், ஒரு விளையாட்டு, இவ்வளவும் தேவைப்பட்டுது. பக்கத்து வீடுகளில கனபேர் எப்பிடிச் செய்தனீ எண்டு கேட்டவை, அதான் அளவு, செலவு, சரிவராத விசயம் எல்லாத்தையும் செய்த ஒழுங்கிலயே எழுதுறன்.

நாங்கள் கிளிநொச்சியில உருத்திரபுரம் பக்கம், வீட்டுக்குப் பின்னால வேலி, வேலிக்கு அங்கால வயல். பாய் போட்டு நிலத்தில படுக்கிற ஆக்கள். இரவில வீட்டுக்குள்ள வாற கட்டுவிரியன் பாம்பு நிலத்தில படுத்திருக்கிற ஆக்களைத்தான் கூடக் கடிக்கிறது, தேளும் பூரானும் எண்டால் எதாவது ஒண்டுக்குக் கீழ போய் ஒதுங்கிக் கிடக்கும், கரண்ட் போன நேரம் எழும்பி ரோச்சைத் தடவிக்கொண்டு நடக்கேக்க காலில முட்டுறது பிளாஸ்ரிக் லொறியோ வேற என்னவோ எண்டு நெஞ்சு பக்கெண்டும். அதால வீடு வடிவா இருக்க வேணும் எண்டதை விட, படுக்கிற நேரம் நிலத்தில ஒண்டும் கிடக்கக்கூடாது எண்டதுதான் எனக்குப் பெரிய விசயம். பிள்ளையளுக்கு நான் பாம்பைச் சொல்லி வெருட்டேல்ல. வெருட்டினால் அடுக்காதுகள், அலுமாரிக்குக் கீழ கை விடவே பயப்பிடுங்கள்.

முதல் வேலை, சாமானைக் குறைச்சது. கனடாவில இருந்து ஒரு பார்சல், சுவிஸில இருந்து ஒரு பார்சல், கோயில் திருவிழாக் கடையில அப்பா வாங்கிக் குடுத்தது, பிறந்தநாளுக்கு வந்தது எண்டு சேர்ந்து சேர்ந்து ஒரு பெரிய உரப்பை முட்ட இருந்தது. பிள்ளையள் முன்பள்ளிக்கும் அப்பம்மாவோட கோயிலுக்கும் போன நேரமாப் பாத்து எல்லாத்தையும் பாயில கொட்டிப் பிரிச்சன். உடைஞ்சு கூர் நிக்கிறது குப்பைக்கு. பற்றரி போடுறதில மூடி ஸ்குரூவால பூட்டாதது எல்லாம் ஒரு பக்கம், ஏனெண்டால் பொத்தான் மாதிரி இருக்கிற வட்டப் பற்றரியை ஒரு பிள்ளை விழுங்கினால் கொஞ்ச மணித்தியாலத்துக்குள்ளயே தொண்டைக் குழாயைச் சுட்டு ஓட்டையாக்கிப் போடும். பிறகு ஒரு கட்டி மட்டையில ஒண்டேகால் இஞ்சிக்குக் கொஞ்சம் கூட ஒரு வட்டம் வெட்டினன். விளையாட்டுச் சாமான் சோதிக்கிற உருளை 31.7 மில்லிமீற்றர் அகலம், அதுக்குள்ள அடங்கிற எதுவும் மூண்டு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின்ர தொண்டையில சிக்கலாம். சின்னவன் இப்பதான் மூண்டு முடிச்சவன், இன்னும் எல்லாத்தையும் வாயில வைக்கிறவன், அதால வட்டத்துக்குள்ளால போன அவ்வளவு சாமானையும் ஒரு மூடிப் போத்தலில போட்டு அலுமாரிக்கு மேல வச்சாச்சு. மணி, சின்னச் சில்லு, பொம்மையின்ர சப்பாத்து எல்லாம் அதுக்க போச்சு.

மிஞ்சினதிலயும் பாதியை ஒரு பழைய சூட்கேசில போட்டுப் பூட்டினன், மாதத்துக்கு ஒருக்கா மாத்திறதுக்கு. 2018ல அமெரிக்காவில ரொலீடோ பல்கலைக்கழகத்தில 36 சின்னப் பிள்ளையளை ஒருக்கா 4 சாமானோடயும் ஒருக்கா 16 சாமானோடயும் விளையாட விட்டுப் பாத்தவை, 4 சாமான் இருக்கேக்கதான் ஒவ்வொண்டோடயும் கனநேரம், விதம்விதமா விளையாடினதுகளாம். எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான், காணேல்ல எண்டு ஒரு சாமானையும் அதுகள் தேடேல்ல. இந்தப் பதிவில வேற ஒண்டும் செய்யாட்டிலும் இதை மட்டும் செய்யுங்கோ, சாமான் கூடின வீட்டில எந்தப் பெட்டி செய்தும் பிரயோசனமில்லை.

இனிப் பெட்டி. ஏன் ரக்ரர் பெட்டி எண்டால், சின்னவனுக்கு உலகத்தில ரக்ரரை விட ஒண்டும் இல்லை. இவர், என்ர மனுசன், வயலுக்கு ரக்ரர் எடுத்தால் பின்னால பெட்டி கொழுவிற சத்தம் கேட்டு நித்திரையால எழும்புவான். தை மாசி காலபோக வெட்டில, வெட்டு மிசின் நெல்லைக் கொட்ட, பெட்டி நிறைய, தார் ரோட்டுக் கரையில காயப்போட, மூட்டை கட்ட, லொறி வர எண்டு எல்லாத்தையும் வேலியில நிண்டு பாத்தவை ரெண்டு பேரும். அந்த நேரம் மூத்தவள் கடதாசியில மூட்டை எண்ணிக் கோடு போட்டுக்கொண்டு திரிஞ்சதைப் பாத்துத்தான் எனக்கு இந்த யோசனை வந்தது. சாமான் அடுக்கு எண்டு சொன்னால் அது விளையாட்டை நிப்பாட்டிற கட்டளை. நெல் ஏத்துவம் வா எண்டால் அது இன்னொரு விளையாட்டு.

பலகை மரக்காலையில துண்டுப் பலகையாக் கேட்டு எடுத்தன், வேம்பு, அரை இஞ்சித் தடிப்பு. எங்கட பக்கம் கறையான் ஒரு மாரிக்குள்ள எந்தப் பலகையையும் மாவாக்கும், வேம்பெண்டால் கறையான் லேசில தொடாது. ஆனா பச்சை வேம்பு காயக் காய வளையும், அதால ரெண்டு செங்கல்லுக்கு நடுவில பாரம் வச்சு நிழலில கனநாள் காயவிட்டுத்தான் கை வச்சன். அடிக்கு 9 மில்லிமீற்றர் பிளைவூட் வீட்டில கிடந்தது. கைவாள், சுத்தியல், மூலை பாக்க மூலைமட்டம், அளவுநாடா, பக்கத்து வீட்டு அண்ணையின்ர ட்ரில், இவ்வளவும்தான் ஆயுதம். ஸ்குரூ போட முன்னம் சின்ன ஊசியால ஓட்டை போடாட்டில் வேம்பு நுனியில பிளக்கும், கவனம்.

முதல் செய்த பெட்டி 16 இஞ்சி நீளம், 11 இஞ்சி அகலம், பக்கப் பலகை 8 இஞ்சி உயரம். மூடி போடேல்ல, விளையாட்டுப் பெட்டிக்குப் பாரமான மூடி போட்டால் அது பிள்ளையின்ர கழுத்திலயோ கையிலயோ விழும். முன்பக்கம் உண்மையான ரக்ரர் பெட்டி மாதிரித் திறக்கிற கதவு வச்சன். பிணைச்சல் போட்டால் இடுக்கில விரல் போகும் எண்டு பழைய சைக்கிள் ரியூபை ஒண்டரை இஞ்சிப் பட்டியா வெட்டி அதையே பிணைச்சலாத் தறைஞ்சன், இது நல்ல வேலை, எவ்வளவு இழுத்தும் கழரேல்ல, விரலும் நசியேல்ல.

சில்லிலதான் கனக்க அலைஞ்சது. நாங்கள் சின்னனில செருப்பு வெட்டிச் சில்லுச் செய்து விளையாடின ஆக்கள்தானே, அதைத்தான் முதல் போட்டன், சத்தமே இல்லாமல் ஓடினது, ஆனா பாரம் ஏத்தினவுடன அச்சில ஓட்டை பெருத்து நாலு பக்கமும் ஆடத் தொடங்கீட்டுது. பிறகு கடையில ரெண்டு இஞ்சிச் சுத்திற சில்லு நாலு வாங்கிப் போட்டன். நாலும் சுத்தினால் பெட்டி நண்டு மாதிரிப் பக்கவாட்டில போகுது, மூண்டு வயசுப் பிள்ளையால அதை ஒரு பக்கமும் பிடிக்க ஏலாது, சுவரில அடிச்சு அடிச்சு அழுகைதான். கடைசியாப் போட்டது இது: முன்னுக்கு, பேபி சைக்கிளுக்குப் பக்கத்தில வாற ரெண்டு துணைச் சில்லு, சைக்கிள் கடையில பழசாக் கிடந்தது, அதுகளை 8 மில்லிமீற்றர் திரெட் ரொட்டில (முழுக்கப் புரி வெட்டின கம்பி) கோர்த்து ரெண்டு பக்கமும் ரெண்டு நட் போட்டு இறுக்கினது. பின்னுக்கு மட்டும் சுத்திற சில்லு ரெண்டு. இப்ப தள்ளினால் நேராப் போகும், பிடியைக் கொஞ்சம் ஒதுக்கினால் திரும்பும். முன் சில்லும் பின் சில்லும் உயரம் வித்தியாசம், பின்னுக்குப் பலகைத் துண்டு வச்சு மட்டம் எடுத்துத்தான் பூட்ட வேணும்.

இழுக்கிறதா தள்ளுறதா எண்டதும் ஒரு கேள்வி. முதல் கயிறு கட்டினன். பிள்ளை நிண்டவுடன பெட்டி நிக்காது, பின்னால வந்து குதிக்காலில அடிக்கும். கயிறு கழுத்தில சுத்துற பயமும் இருக்கு, அதால கயிறை வெட்டி எறிஞ்சிட்டு முக்கால் இஞ்சி பிவிசி பைப்பும் ரெண்டு எல்போவும் போட்டு கவுத்து வச்ச ‘ப’ போல ஒரு பிடி செய்தன், நிலத்தில இருந்து 21 இஞ்சி உயரம். சின்னவனுக்கு அது வயித்து மட்டம், மூத்தவள் கொஞ்சம் குனிய வேணும், ஆனா உயரத்தைக் கூட்டினால் சின்னவனால தள்ள ஏலாது. பிடியைப் பின் சில்லுக்கு நேர மேல பூட்டுங்கோ, அதைத் தாண்டி வெளிய நீட்டினால் பிள்ளை பிடியில தொங்கேக்க பெட்டி மல்லாந்து விழும்.

பெயின்ற் அடிக்கேல்ல. வீட்டில பழைய ரின் ஒண்டு கிடந்தது, பழைய பெயின்றில ஈயம் இருக்கலாம், எங்கட ஆள் பிடியை நக்கிற ஆள். சாண்ட் பேப்பரால விளிம்பெல்லாம் உருட்டித் தேய்ச்சு, தேங்காயெண்ணெய் துணியில தொட்டுப் பூசி விட்டன், காணும்.

பெட்டி முடிஞ்சு நிலத்தில விட்டன் எண்டால், அண்டைக்கு ரெண்டு பேருக்கும் சோறும் வேண்டாம் தண்ணியும் வேண்டாம். அள்ளிப் போட்டதுகள், தள்ளினதுகள், கதவைத் திறந்து பிடியைத் தூக்கினதுகள், சள்ளெண்டு எல்லாம் நடு அறையில கொட்டுண்டுது. திருப்பி அள்ளினதுகள், திருப்பிக் கொட்டினதுகள். கொட்டுறதுதான் அதில ருசியே. ரிப்பர் கொட்டிற மாதிரி வாயால சத்தம் வேற. அள்ளுற பழக்கம் வந்தது உண்மை, ஆனா பொழுதுபட்டும் நிலம் நிறையச் சாமான், அதோட எல்லாம் கலந்து போய் அடுத்த நாள் ஒரு மாட்டுக்குட்டியைத் தேட முழுப் பெட்டியையும் கவிழ்க்க வேணும். கலந்து போடுற ஒரு பெரிய பெட்டி எண்டது பிள்ளைக்குத் தேடுற பெட்டிதான், அடுக்கிற பெட்டி ஆகாது, இது எல்லா வீட்டிலயும் இப்பிடித்தான் முடியும் எண்டு நினைக்கிறன்.

மாமி, பிள்ளையளின்ர அப்பம்மா, இதைப் பாத்துக்கொண்டு இருந்திட்டுச் சொன்னா, "பிள்ளை, நெல்லை ஆர் பெட்டியில இருந்து நிலத்தில கொட்டிப்போட்டு வீட்டை போறது, மூட்டையாக் கட்டி எல்லோ ஸ்ரோருக்கு ஏத்துறது" எண்டு. அதோட வழி தெரிஞ்சிட்டுது. பெட்டிக்குள்ள சாமான் கொட்டுறேல்ல, சாமான் நிறைஞ்ச மூட்டையைத்தான் ஏத்திறது.

மூட்டைக்கு முதல் அரிசிப் பையை வெட்டித் தைச்சுப் பாத்தன். உள்ளுக்கு என்ன இருக்கெண்டு தெரியாது, அதால எடுக்கிற நேரம் தலைகீழாக் கவிழ்க்குங்கள். வெங்காயம் வாற நெற் பை எண்டால் உள்ளுக்குத் தெரியும், ஆனா சாமானின்ர கையும் காலும் நெற்றில மாட்டி இழுபறி. கடைசியாச் சந்தையில சின்னக் கடகம் நாலு வாங்கினன், வாய் 9 இஞ்சி, ஆழம் 6 இஞ்சி. பனையோலைக் கடகத்தை விட இந்த வேலைக்குத் தோதான சாமான் இல்லை. பாரமில்லை, விழுந்தாலும் உடையாது, காலில விழுந்தாலும் நோகாது, வாய் அகலம், பிளாஸ்ரிக் கூடை மாதிரி விளிம்பு வெட்டாது. வாங்கேக்க பொத்தின (ரெட்டை ஓலை) கடகமா, நார் போட்டு விளிம்பு கட்டினதாப் பாருங்கோ, ஒத்தை ஓலை எண்டால் சின்னவன் இழுக்கிற இழுவைக்கு நிக்காது. விளிம்பில ஈர்க்கு முனை நீட்டிக்கொண்டு இருந்தால் வெட்டிப்போட்டுப் பழைய சீலைத் துண்டால சுத்தித் தைக்க வேணும், நான் நாலுக்கும் நாலு நிறத் துணி போட்டன். மாரியில ஓலை பூஞ்சணம் பிடிக்கும், வெயில் கண்ட நாளில சாமானை எடுத்துப்போட்டுக் கவிழ்த்துக் காயவிட வேணும், கழுவ வேண்டாம், ஈரத்துணியால துடைச்சால் காணும்.

எந்தக் கடகத்தில எது எண்டு சின்னவனுக்கு எப்பிடித் தெரியும்? படம் கீறி ஒட்டினன், ரெண்டு நாளில கிழிஞ்சுது. பிறகு உடைஞ்ச சாமானில இருந்தே ஒவ்வொண்டை எடுத்துக் கடகத்தின்ர வெளிப்பக்கம் நைலோன் நூலால இறுக்கிக் கட்டி விட்டன். சில்லில்லாத கார் கட்டினது வாகனக் கடகம், காதில்லாத ஆனை கட்டினது மிருகக் கடகம், ஒரு கட்டையில ஓட்டை போட்டுக் கட்டினது கட்டைக் கடகம், சின்னக் கரண்டி கட்டினது சமையல் கடகம். இது சிலவில்லாத வேலை, வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. நாலுக்கு மேல வேண்டாம், அஞ்சாவது ஒண்டு "மற்றது" எண்டு வச்சுப் பாத்தன், எல்லாம் அதுக்குள்ளதான் போகுது, எடுத்துப்போட்டன்.

இப்ப பெட்டி பொருந்தேல்ல. 16 இஞ்சியில ரெண்டு கடகம் வைக்க ஏலாது, 8 இஞ்சிப் பக்கப் பலகைக்கு மேலால கடகத்தைத் தூக்கி வைக்கச் சின்னவனால ஏலாது. கழட்டிப் புதுசா 20½ இஞ்சி நீளம், 10½ இஞ்சி அகலம், பக்கப் பலகை 3 இஞ்சி மட்டும் எண்டு திருப்பிச் செய்தன். முன் கதவை ஸ்குரூ போட்டு மூடியாச்சு. ரெண்டு கடகம் ஒரு நடை, மற்ற ரெண்டும் அடுத்த நடை. வைக்கிற இடம் விறாந்தைச் சுவரோட ஒரு தட்டு, நிலத்தில இருந்து 12 இஞ்சி உயரம், ரெண்டு பக்கமும் செங்கல் அடுக்கி மேல பலகை வச்சுச் சுவரில ரெண்டு எல் பட்டி அடிச்சு இறுக்கினது. சுவரோட இறுக்காத எந்தத் தட்டிலயும் பிள்ளை ஏறும், அது கவிழும், இதில மட்டும் சோம்பல் வேண்டாம். தட்டுக்குக் கீழ வெளியா இருக்க வேணும், தும்புத்தடி போய் வரக்கூடிய மாதிரி, அப்பதான் பூச்சி பொட்டு தங்காது.

இனி விளையாட்டு. அஞ்சரைக்குத் தொடங்கிறது, விளக்கு வைக்க முன்னம் முடியும். நடு அறைதான் வயல். அறைக் கதவடி எங்கட பக்கத்துக் கரடிப்போக்குச் சந்தி. விறாந்தைத் தட்டு ஸ்ரோர். மாமி ஸ்ரோர் முதலாளி, கதிரையில இருப்பா. ஒருத்தர் றைவர், ஒருத்தர் கணக்குப்பிள்ளை. முதல் றைவருக்குத்தான் சண்டை, ரெண்டு பேருக்கும் அதுதான் வேணும். சந்தியில ஆள் மாறுறது எண்டு சட்டம் போட்டவுடன சண்டை நிண்டுட்டுது, ஏனெண்டால் சந்தி வரைக்கும் ஒருத்தர், அங்கால மற்றவர், ஆர் எப்ப எண்டு நிலத்திலயே கோடு இருக்கு, என்னைக் கேக்கத் தேவையில்லை. சோக்குக் கோடு அழிஞ்சு போகும், நான் சிவப்பு ரேப் ஒட்டினன்.

ஸ்ரோருக்கு வந்தவுடன மாமி ஒவ்வொரு கடகமாக் கையில தூக்கி நிறை சொல்லுவா, "ம்... இது அறுவத்தஞ்சு கிலோ வரும், ஈரமில்லை, நல்ல நெல்". மூத்தவள் சிலேற்றில கோடு போடுவாள். எண்ணேக்க மாமி தன்ர தகப்பன் களத்தில எண்ணின மாதிரித்தான் எண்ணுவா, ஒண்டு எண்டு சொல்லமாட்டா, "லாபம், ரெண்டு, மூண்டு, நாலு". சின்னவன் இப்ப எதை எண்ணினாலும் லாபத்தில இருந்துதான் தொடங்கிறான், முன்பள்ளி ரீச்சர் கேட்டவா இதென்ன புதுக் கணக்கு எண்டு. மாமிக்கு முழங்கால் ஏலாது, குனிஞ்சு ஒரு சாமானும் எடுக்க ஏலாது, ஆனா இந்த வேலையில ஆகத் தேவையான ஆள் அவாதான். அவா கோயிலுக்குப் போன நாளில நான் முதலாளியா இருந்து பாத்தன், பிள்ளையள் பாதியில விட்டிட்டுப் போட்டுதுகள். ஆரோ ஒருத்தர் சாமானை வாங்கி, பாத்து, ஒரு சொல்லுச் சொல்ல வேணும், நான் குசினிக்கும் விறாந்தைக்கும் ஓடி ஓடிச் சொன்னால் அது காணாது.

மாட்டன் எண்டு படுத்துக் கிடக்கிற நாளும் வரும். அந்த நாளில நான் ஒண்டும் சொல்லுறேல்ல, பக்கத்தில இருந்து ஒரு மாட்டை எடுத்து மெல்ல வாகனக் கடகத்துக்க வைப்பன். சின்னவன் படுத்த படியே பாப்பான். அடுத்தது ஒரு சட்டியை எடுத்து மிருகக் கடகத்துக்க. அவ்வளவுதான், "அம்மாஆ, அதுக்கில்லை!" எண்டு பாய்ஞ்சு வந்து எடுத்துச் சரியான இடத்தில போடுவான், நான் "ஓ, அப்ப இது?" எண்டு இன்னொண்டைப் பிழையா நீட்ட, அதையும் பறிப்பான், கடைசியில எல்லாத்தையும் அவன்தான் போட்டு முடிச்சிருப்பான். மூண்டு வயசுக்கு இது நல்லா வேலை செய்யுது. மூத்தவளிட்டச் சரிவராது, அவளுக்குக் கணக்குப் பொத்தகத்தைக் குடுத்து "இண்டைக்கு எத்தினை மூட்டை வரும், முதலே எழுது" எண்டால்தான் எழும்புவாள்.

வேற ரெண்டு முறையும் செய்து பாத்தது, ரெண்டும் எங்கட வீட்டுக்குச் சரிவரேல்ல. ஒண்டு ரொபி குடுக்கிறது. தொடக்கத்தில பறந்து பறந்து செய்தினம், பேந்து ஒரு கடகத்துக்கு ஒரு ரொபியா ரெண்டு ரொபியா எண்டு பேரம், ரொபி முடிஞ்ச நாள் வேலையும் முடிஞ்சுது. மற்றது ஃபோனில அலாரம் வச்சு ஆர் முதல் எண்டு ஓட்டம் விடுறது. மூத்தவள் எல்லா நாளும் வெல்லுவாள், சின்னவன் எல்லா நாளும் அழுவான், அவசரத்தில சாமானைத் தூக்கி எறியிறதும் கூடிப்போச்சு. வயசு வித்தியாசமுள்ள பிள்ளையள் உள்ள வீட்டில போட்டி வைக்காதேங்கோ, ஒரு ரக்ரரில ரெண்டு பேரும் வேலையாள் எண்டால்தான் ஒத்துப் போகும்.

முத்தத்துச் சாமான் தனிக் கதை. சிரட்டை, பழைய ரின், மண் அள்ளுற வாளி, உடைஞ்ச லொறி எல்லாம் மாமரத்துக்குக் கீழ. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரைக்கும் எங்கட பக்கம் மழைதான், ஒரு சிரட்டை தண்ணி காணும் டெங்கு நுளம்பு பெருக, முட்டை நுளம்பாகி வெளிய வர ஒரு கிழமை பத்து நாள்தான் எடுக்கும். சும்மா தண்ணியை ஊத்தி விட்டாலும் காணாது, நுளம்பு முட்டையைத் தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல சுவரோட ஒட்டி இடும், அது காய்ஞ்சு மாதக் கணக்காக் கிடந்தும் அடுத்த மழைக்குப் பொரிக்கும். அதால சனிக்கிழமை எண்டால் எங்கட வீட்டில சிரட்டை கழுவிற நாள், பழைய பிரஷும் ஒரு வாளித் தண்ணியும் குடுத்தால் ரெண்டு பேரும் உள்பக்கம் தேய்ச்சுத் தேய்ச்சு ஒரு மணித்தியாலம் இருப்பினம், அவைக்கு அது தண்ணி விளையாட்டு. நான் பக்கத்திலயே இருப்பன், வாளித் தண்ணியோட சின்னப் பிள்ளையைத் தனிய விடேலாது. கழுவினதை ஓட்டை போட்டு வேலிக் கம்பியில கவிழ்த்துத் தொங்க விடுறது. லொறியின்ர பெட்டிக்கு அடியில சூடாக்கின ஆணியால நாலு ஓட்டை போட்டாச்சு, இனித் தண்ணி நிக்காது. முத்தத்துச் சாமானை எடுக்க முன்னம் தடியால ஒருக்காத் தட்டிப் பிரட்டிப் பாக்க வேணும் எண்டதையும் பழக்கி இருக்கு, ரின்னுக்குள்ள கை விடுறேல்ல.

செலவைச் சொல்லுறன். கடகம் நாலு, ஒண்டு 350 படி 1400 ரூபாய். சுத்திற சில்லு ரெண்டுக்கு 560. பேபி சைக்கிள் சில்லுச் சோடி 200. துண்டுப் பலகை 600. பைப் 300, எல்போ 140. திரெட் ரொட்டும் நட்டும் 200. ஸ்குரூ, எல் பட்டி 350. சாண்ட் பேப்பர் 160. மொத்தம் 3910 ரூபாய். சும்மா வாங்கி வீணாப்போன மற்ற ரெண்டு சுத்திற சில்லை இதில சேர்க்கேல்ல, அது இன்னும் 560, அதை மாமியின்ர தையல் மிசினுக்குக் கீழ போடுவம் எண்டு வச்சிருக்கிறன். கடையில விக்கிற பிளாஸ்ரிக் தட்டுக்கு இதை விடக் கூடக் காசு, அதில சின்னவன் ஏறினால் என்ன ஆகும் எண்டும் சொல்லேலாது.

திருப்பிச் செய்யிறதெண்டால், கடகத்தை முதல் வாங்கி அதைச் சுத்தி அளவெடுத்துத்தான் பெட்டி செய்வன், ஒரு தரம் பலகை வெட்டினது மிச்சம். பக்கப் பலகை 3 இஞ்சிக்குப் பதிலா ரெண்டரை காணும். முன் சில்லுக்கு வெளியால நட் நீட்டிக்கொண்டு நிக்குது, சுவர்ப் பெயின்ற் முழுக்கக் கீறல், அதுக்கு மூடி நட் போட வேணும், கேட்டால் கடையில குடுப்பினம். பெட்டியின்ர நாலு மூலைக்கும் ரயர் ரியூப் துண்டு ஒட்டினால் கதவு நிலையும் தப்பும். பிவிசிப் பிடி இப்பவே கொஞ்சம் ஆடுது, பைப்புக்கு உள்ளுக்கு ஒரு வேப்பங்கம்பை இறுக்கி அடிச்சிட்டு ஸ்குரூ போட்டிருந்தால் ஆடாது, இந்த மழை விட்டவுடன அதைச் செய்யப் போறன்.

முறிகண்டியில இருக்கிற இவரின்ர தங்கச்சி தன்ர ரெட்டைப் பிள்ளையளுக்கும் ஒண்டு வேணுமாம். அவையின்ர வீடு மண் நிலம், மெழுகினது, அதில ரெண்டு இஞ்சிச் சில்லுப் புதையும். அதுக்கு நாலு பக்கமும் பேபி சைக்கிள் சில்லுத்தான் போட வேணும், பின் ரெண்டும் சுத்திற மாதிரிச் செய்ய சைக்கிள் ஃபோர்க் மாதிரி ஒரு கவர் வேணும், அதை வெல்டிங் கடையில கேட்டு வச்சிருக்கிறன், 900 ரூபாய் சொன்னவை. ரெட்டை எண்டபடியால் சந்திக் கோடு காணாது, பிடியை அகலமா 16 இஞ்சியில வச்சு ரெண்டு பேரும் சேர்ந்து தள்ளுற மாதிரித்தான் செய்யப் போறன். இப்பதான் பைப் வெட்டி வச்சிருக்கு.